வெள்ளை எங்கிருந்து வருகிறது

பீங்கானில் சித்திரம் எழுதுகிறவருக்கு வெள்ளை வண்ணம் வாங்குகிற செலவு கிடையாது. தட்டே வெள்ளை. பூவின் இதழ் வெளுத்திருக்க வேண்டுமா, அந்த இடத்தைத் தூரிகை தொடாமல் விட்டால் போதும். வண்ணத்தை எவ்வளவு மெல்லிசாகப் பூசுகிறாரோ அவ்வளவு வெளிச்சம் அடியிலிருந்து மேலே வரும். கெட்டியாக அப்பினால் சூளையில் உரிந்து போகும். அதனால் கை தானாகவே சிக்கனம் பழகிக்கொள்கிறது.

விருத்தாசலத்துப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை என்று செய்து பிழைத்த ஊர். செராமிக் படிப்பதற்கென்றே அரசு நடத்தும் பயிலகம் அங்கே இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போதே வெள்ளைக் களிமண்ணும் கூட வந்துவிடுகிறது. நல்லூரிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு அச்சு, கிளேஸ், சூளை என்ற சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அவர்களை நினைத்துத்தான். பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ ஓவியத்தை ரசிக்கப் பாரிஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்காட்சிப் புத்தகங்கள் நம்மை மிரட்டி வைத்திருக்கின்றன. சூளையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஓவியத்துக்குள் போக வேறொரு வாசல் இருக்கிறது.

அந்த வாசலில் முதலில் நிற்பவர் ஒகுஸ்த் ரெனுவார். 1841இல் லிமோஜ் நகரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர். பிரான்ஸில் லிமோஜ் என்றாலே பீங்கான்தான். 1768 வாக்கில் அருகிலுள்ள ஓர் ஊரில் வெள்ளைக் களிமண் கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கே தொழில் முளைத்தது. குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 13 வயதில், ரெனுவார் ஒரு பீங்கான் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். கோப்பைகளிலும் தட்டுகளிலும் பூங்கொத்துகள். கை தேறியதும் ராணி மரி அந்துவானெத்தின் பக்கவாட்டு முகம். சில ஆண்டுகளில் பீங்கான்மேல் சித்திரத்தை அச்சடிக்கும் இயந்திரம் வந்தது. கையால் எழுதுகிறவர்களுக்கு வேலை போயிற்று. இந்தப் பகுதியை விருத்தாசலத்தில் விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவருடைய ‘ஊஞ்சல்’ ஓவியத்தைப் பாருங்கள். 1876இல் பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டில் ஒரு தோட்டத்தில் வரைந்தது; இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊஞ்சல் பலகைமேல் ஒரு பெண் நிற்கிறாள். வெள்ளை உடுப்பு, கழுத்திலிருந்து கால்வரை வரிசையாக நீல ரிப்பன் முடிச்சுகள். நமக்கு முதுகு காட்டி நீல உடையில் ஓர் ஆண். மரத்தில் சாய்ந்தபடி இன்னொருவர். அண்ணாந்து பார்க்கிற ஒரு சிறுமி. கதை அவ்வளவுதான். கதைக்காக யாரும் இந்தப் படத்தின் முன்னால் நிற்பதில்லை.

தரையைப் பாருங்கள். இலைகளுக்கு இடையே புகுந்த வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. வெயில் பட்ட இடம் இளஞ்சிவப்பு, நிழல் ஊதாவும் நீலமும். கறுப்பு எங்கே என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஆணின் முதுகிலும் வெளிர்நீலத் திட்டுகள். 1877இல் இந்தப் படம் காட்சிக்கு வந்தபோது, உடுப்பில் எண்ணெய்க்கறை பட்ட மாதிரி இருக்கிறது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேலி செய்தார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். நிழல் என்றால் பழுப்பு என்று பழகின கண். ஒரு முந்திரித் தோப்புக்குள் உச்சிவேளையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரை நிறுத்திவைத்துப் பார்த்திருந்தால் அவர் வாயை மூடியிருப்பார். வெயில் நேராகப் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது வானம். அந்த வானத்து நீலம்தான் சட்டையின் நிழலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழே செம்மண்ணாக இருந்தால் சட்டையின் விளிம்பில் ஒரு சிவப்புச் சாயலும் ஏறும். நாம் தினம் பார்க்கிறோம். மூளை அதைத் திருத்தி ‘வெள்ளை’ என்று எழுதிக்கொள்கிறது. ரெனுவார் அந்தத் திருத்தத்தை நிறுத்தி வைத்தார்.

இப்போது ஊஞ்சல் பெண்ணின் உடுப்புக்கு வாருங்கள். வெள்ளை உடுப்பு என்று நான் சொன்னேன், நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அதில் கலப்பில்லாத வெள்ளை அபூர்வம். நீலம், ரோஜா, வெளிர்மஞ்சள் இவை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஆனாலும் வெள்ளையாகவே தெரிகிறது, ஏனென்றால் வண்ணங்கள் ஒன்றையொன்று மூடவில்லை. தூரிகை இழுப்புகள் இறகைப்போல மெலிந்து முடிகின்றன. பிற்காலத்தில் ரெனுவார் இன்னும் துணிந்தார்: துணிக்கு முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்து, எண்ணெயிலும் டர்பன்டைனிலும் நீர்த்த வண்ணத்தை அதன்மேல் ஓடவிட்டார். அடித்தளம் வெள்ளை, மேலே கசிகிற நிறம், ஒளி உள்ளிருந்து வரும். துணியைப் பீங்கானாக்கிவிட்டார் மனிதர். வயதான காலத்தில் அவர் வரைந்த பருத்த பெண்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கமில்லை; ஆனால் அந்தத் தோலுக்கு அடியில் இருக்கிற வெளிச்சத்தை மறுக்க முடியாது.

ரெனுவாரின் தோழர்களான மோனெ, பிஸாரோ, சிஸ்லே எல்லாரும் இந்த வெளிச்சத்தைத்தான் துரத்தினார்கள். 1874இல் சேர்ந்து முதல் கண்காட்சி வைத்தார்கள், ஏச்சு வாங்கினார்கள், பிறகு பணக்காரர்களின் சுவரில் ஏறினார்கள். அந்த வரலாறு எங்கும் கிடைக்கும். இவர்களுக்கு அடுத்து வந்த ஓவியர்களுக்குப் போஸ்ட்-இம்ப்ரெஷனிஸம் என்ற பெயரை 1910இல் லண்டனில் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை சூட்டியபோது, அந்தப் பெயருக்குரிய பெரியவர்கள் எல்லாரும் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் சூளையைத் தொட்டவர் ஒருவர்.

போல் கோகான் 1886இல் எர்னஸ்ட் ஷாப்லே என்ற செராமிக் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தார். காசு கிடைக்கும் என்ற ஆசைதான் காரணம், காசு கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 50க்கு மேற்பட்ட பாத்திரங்கள் செய்தார். பெரும்பாலும் சக்கரத்தில் ஏற்றாமல் கையாலேயே பிடித்தவை. கோணலும் முண்டுமாக, எதைப் பிடித்துத் தூக்குவது என்று தெரியாத கைப்பிடிகளோடு இருக்கும். ஆனால் ஷாப்லே சக்கரத்தில் வனைந்து கொடுக்க, கோகான் அலங்கரித்த ஒரு ஜாடி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அதில் பிரான்ஸின் பிரித்தானி பகுதிக் கிராமத்துப் பெண்கள். ஒவ்வோர் உருவத்தின் ஓரத்தையும் ஈர மண்ணில் கூர்முனையால் கீறியிருக்கிறார். கீறலுக்கு உள்ளே கிளேஸ்.

ஏன் கீற வேண்டும்? கிளேஸ் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி ஓடும். 1200 டிகிரிக்கு மேல் போகிற சூளையில் பச்சையும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், வேலி இல்லாவிட்டால், ஒன்று மற்றதற்குள் இறங்கிவிடும். கீறல்தான் வேலி. வேலிக்குள் இருக்கிற நிறத்தில் நுணுக்கமான ஏற்ற இறக்கம் காட்ட முடியாது. ஒரே தகடாக, முழுக்க அடர்ந்து கிடக்கும். தொழிலின் கட்டாயம் அது. இரண்டு வருடம் கழித்து, யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், எண்ணெய் வண்ணத்தில், கோகான் அதையே செய்தார். ஜப்பானிய மர அச்சுப் படங்களும் தோழர் எமில் பெர்னாரும் அவரை அந்தப் பக்கம் தள்ளினார்கள் என்பது உண்மை. ஆனாலும் கையில் கீறல் முன்னமே பழகியிருந்தது.

அந்தப் படம் 1888இல் வரைந்த ‘பிரசங்கத்துக்குப் பிறகு தோன்றிய காட்சி’. எடின்பரோவில் இருக்கிறது. கோயிலில் பிரசங்கம் கேட்டு வந்த பெண்களுக்கு பைபிளில் வருகிற யாக்கோபும் தேவதூதனும் மல்லுக்கட்டுகிற காட்சி கண்முன் விரிகிறது. மல்லுக்கட்டு நடக்கிற தரை முழுக்கச் சிவப்பு. புல் இல்லை, மண் இல்லை, நிழல்கூட இல்லை. குறுக்கே சாய்ந்த ஒரு மரத்தண்டு இந்த உலகத்தையும் அந்த உலகத்தையும் பிரிக்கிறது. முன்னால் பெண்களின் வெள்ளைத் தலைக்குல்லாய்கள், ஒவ்வொன்றும் கருநீலக் கோட்டுக்குள் அடைபட்டு. ரெனுவாரின் வெள்ளை காற்றோடு பேசும். இந்த வெள்ளைக்கு ஓரம் உண்டு, ஓரத்தைத் தாண்டாது. இடது பக்கம் ஒரு குட்டிப் பசு நிற்கிறது, தேவதூதனைப் பற்றிக் கொஞ்சமும் கவலையில்லாமல். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அதுதான். படத்தை உள்ளூர்க் கோயிலுக்கு இலவசமாகத் தருவதாக கோகான் சொன்னார், பாதிரியார் வேண்டாமென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு கோகான் தன் தலையையே ஒரு ஜாடியாகச் செய்தார். கோபன்ஹேகனில் இருக்கிறது. கண் மூடியிருக்கிறது, காதுகள் இல்லை. ஓவியத் தோழர் வின்சென்ட் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்ட இரவுக்குச் சில நாட்களுக்குப் பின், பாரிஸில் ஒரு குற்றவாளியின் தலை வெட்டப்படுவதையும் கோகான் நேரில் பார்த்திருந்தார். ஜாடியில் சிவப்பு கிளேஸ் நெற்றியிலிருந்து கன்னம் வழியாக வழிந்திறங்குகிறது. கிளேஸ் இப்படி ஓடிவிட்டால் எந்தப் பட்டறையிலும் அந்தச் சரக்கைக் கழித்துக்கட்டுவார்கள். இங்கே ஓட்டமே ரத்தம். வேலி போட்டு நிறத்தை அடைத்துப் பழகியவர் ஒருமுறை வேலியை எடுத்துவிட்டார். எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

இந்தக் கோடு நம் பக்கம் வந்த கதையும் உண்டு. பாரிஸில் படித்து, கோகானையும் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான செஸானையும் ஊன்றிப் பார்த்துவிட்டு 1934இல் இந்தியா திரும்பிய ஓவியர் அம்ரிதா ஷெர்கில், 1936 கடைசியில் தெற்கே புறப்பட்டார். அஜந்தா, கொச்சியின் மட்டாஞ்சேரிச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி. சிம்லாவுக்குத் திரும்பி 1937இல் வரைந்த மூன்று பெரிய படங்களில் ஒன்று ‘பிரம்மச்சாரிகள்’. தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஐந்து இளைஞர்கள். திறந்த மார்பு, இடுப்பில் வெள்ளை வேட்டி, பின்னால் செம்மண் சாயல். நிறங்கள் தகடு தகடாகவே கிடக்கின்றன, ஆட்கள் அசைவதில்லை. இங்கே கோகானைத் தேடினால் அகப்படுவார். ஆனால் அவருடைய கருநீலக் கோட்டைத் தேடினால் அகப்படாது. அந்தக் கோட்டுக்கு இங்கே வேலை இல்லை. கருத்த வயிறு வேட்டியைத் தொடுகிற இடமே எல்லை. உடம்பின் கறுப்பே கோடாகிவிடுகிறது. வெளுத்த பிரித்தானிப் பெண்களை வரைந்தவருக்கு நீலத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஷெர்கிலுக்கு மாடல்களின் தோலே போதுமானதாக இருந்தது.

வேட்டிகளும் ஒரே வெள்ளை இல்லை. ஒன்று மஞ்சளடித்தது, ஒன்று சாம்பல் பூத்தது, ஒன்றில் பச்சை மங்கலாக ஓடுகிறது. துவைத்துத் துவைத்து வேறு வேறு வயதான வேட்டிகள். ரெனுவார் போல அடியிலிருந்து வெளிச்சத்தைக் கசியவிடவில்லை; வெள்ளை வண்ணத்தையே கெட்டியாக எடுத்துப் பூசியிருக்கிறார், எண்ணெய் வண்ணத்தில் அது செல்லும். மார்பின் குறுக்கே போகிற பூணூல் மட்டும் மெல்லிசு.