லீயின் இரு நாக்குகள்

ஜான் ஸ்டீன்பெக் 1952இல் வெளியிட்ட 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' என்னும் புதினத்தை இரு குடும்பங்களின் வரலாறு என்பர். காயீன், ஆபேல் கதைக்குப் புத்துரு என்பர். இருக்கட்டும். நம் நெஞ்சில் நிலைத்தவரோ அவ்விரு குடும்பங்களிலும் பிறவாத ஒருவர். லீ என்னும் சீனர். ஆடம் டிராஸ்க் என்னும் நிலக்கிழார் வீட்டுச் சமையற்காரர். அவருக்கும், அயர்லாந்திலிருந்து வந்து கலிபோர்னியாவின் சலினாஸ் பகுதியில் வறண்ட நிலத்தோடு மல்லாடிய சாமுவேல் ஹாமில்டனுக்கும் மலர்ந்த நட்பே இந்நூலின் உயிர்ப் பகுதி என்போம் நாம்.

வண்டிப் பயணம் ஒன்றில் அந்த நட்பு அரும்புகிறது. லீயின் தலையிலே நீண்ட சடை. நாவிலே உடைந்த, கொச்சை ஆங்கிலம். இந்நாட்டிலே பிறந்தவருக்கு இந்தக் கொச்சை ஏன் என்று சாமுவேல் கேட்கிறார். கேட்டதுதான் தாமதம், தெளிந்த ஆங்கிலம் பிறக்கிறது. பல்கலைக் கழகத்திலே பயின்றவர் அந்தச் சமையற்காரர்! நல்ல ஆங்கிலம் பேசினால் எவருக்கும் விளங்குவதில்லையாம். சீனன் வாயிலிருந்து கொச்சையையே எதிர்பார்க்கும் செவிகளுக்கு வேறெதுவும் எட்டுவதில்லையாம். அறியாதவன் என்று ஆசிரியர் முடிவுகட்டிவிட்ட மாணவன், அறிந்ததையும் சொல்லாது தலைகுனிந்து நிற்பதை வகுப்பறையிலே கண்டவர்கள் நாம்; அந்தப் பக்கங்களை எளிதில் கடக்க முடியவில்லை.

இது எழுத்தாளரின் மிகையோ? அன்று. 1854இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சான்று கூறச் சட்டம் இடந்தராது என்று தீர்ப்பளித்தது. சீனத் தொழிலாளி ஒருவரைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற வெள்ளையன், கண்டதைச் சொன்னவர்கள் சீனர் என்பதாலேயே அத்தண்டனையிலிருந்து தப்பினான். மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்கச் சீனர் கை வேண்டும். மன்றத்திலே அவர் நா மட்டும் வேண்டாம்! பாதை 1869இல் முடிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்க்கு நாட்டின் கதவையே அடைத்தனர். அச்சட்டம் 1943இல் நீங்கியபோதும், ஆண்டுக்கு 105 பேருக்கே வழி திறந்தது. இத்தகைய நாட்டிலே ஒருவர் கேள்வி கேட்டு, விடைக்குக் காத்திருந்தார் என்பது சிறு செயலன்று. சாமுவேல் இரக்கம் காட்டவில்லை, செவி கொடுத்தார்.

நட்பின் உச்சம் வேறோரிடத்தில். விவிலியத்தின் ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள, முதிய சீன அறிஞர் நால்வர் எபிரேய மொழியையே கற்றனர் என்று லீ கூற, சாமுவேலும் ஆடமும் மாணவர் போல் கேட்டிருக்கின்றனர். பாவத்தை வெல்வாய் என்பது வாக்குறுதியா, கட்டளையா? இரண்டுமன்று; வெல்லலாம், தெரிவு உன்னுடையது என்பதே பொருளாம். மறைநூலுக்கு முன் மண்டியிடாமல், சொல்லை நிறுத்துப் பார்க்கும் அந்த முதியோரை நாம் வணங்கத்தக்க பகுத்தறிவாளர் என்போம். (வணங்குதல் என்ற சொல்லை நண்பர்கள் மன்னிக்க.)

ஆனால் இங்கேதான் ஸ்டீன்பெக்கோடு நமக்கு வழக்கு. தெரிவு உன்னுடையது என்று ஓதும் லீக்கு அவர் அளித்த தெரிவு என்ன? சான்பிரான்சிஸ்கோவிலே புத்தகக் கடை வைக்க வேண்டும் என்பது லீயின் நெடுநாட் கனவு. ஒருநாள் புறப்பட்டும் போகிறார். ஒரு வாரங்கூட ஆகவில்லை, தனிமை தாளாமல் டிராஸ்க் வீட்டு அடுக்களைக்கே திரும்பி வருகிறார். தாய் விட்டுச்சென்ற இரட்டைப் பிள்ளைகளை வளர்த்த அன்பு இழுத்ததாம். அன்பை நாம் மறுக்கவில்லை. தனிமை எங்கிருந்து வந்தது என்றே கேட்கிறோம். சீனப் பெண்டிரின் வருகையை 1875ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்தது. வெள்ளைப் பெண்ணை மணப்பதற்கான தடை கலிபோர்னியாவிலே 1948 வரை செல்லுபடியாயிற்று. சட்டம் விதித்த தனிமையைப் புதினம் லீயின் இயல்பாக்கி, அவரை ஏவலராகவே முதுமையடைய விடுகிறது. லீயின் தாய்க்கு நேர்ந்த கொடுமையை அத்தனை நெஞ்சுரத்தோடு எழுதிய கை, மகனின் வாழ்வுக்கு வந்ததும் ஏன் தளர்ந்தது?

அந்தத் தளர்ச்சியோடும் நூலை வாங்கிப் படியுங்கள் என்றே சொல்வோம். 1955இல் எலியா கசான் எடுத்த படத்தைப் பார்த்து நிறைவடைய வேண்டாம். நூலின் இறுதிப் பகுதியே அதில் உண்டு. அப்பகுதியிலும் வாழும் லீயை அறவே நீக்கிவிட்டனர்.