தப்பும் குரலும்: மலையகக் கூத்தில் ஒலிச் சமநிலை

மலையகக் கூத்துகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கதை, பாடல், சடங்கு என்பவற்றையே நோக்கி வந்துள்ளன. கூத்து ஒலிக்கும் முறைமை போதிய கவனத்தைப் பெறவில்லை. பதுளை, பசறை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களின் காமன் கூத்து, திறந்த வெளியிலிருந்து மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இடம்பெயரும்பொழுது நேரும் குறைபாட்டை விளங்கிக்கொள்ள இந்நோக்கு இன்றியமையாதது.

மாசி மாதத்தில் லயத்து முற்றத்திலோ கோயில் வெளியிலோ நிகழும் காமன் கூத்தில் தப்பே தலைமையான வாத்தியம். திறந்த வெளியில் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதில்லை. தூரம் இரட்டிப்பாகுந்தோறும் அதன் அளவு ஏறத்தாழ 6 தெசிபெல் குறைகிறது. எனவே தப்படிப்போர் சில அடிகள் விலகி நிற்பதே பாட்டுக்கு வழிவிடுவதாக அமைகிறது. மேலும், ஒருபுறம் மட்டும் தோல் போர்த்த தப்பின் ஒலி முன்னும் பின்னுமே மிகுதியாகப் பரவும். விளிம்புப் பக்கம் ஒப்பளவில் குறைவு. தப்புக்காரர் உடலைச் சற்றுத் திருப்பினாலே பாடுவோரின் செவியில் விழும் முழக்கம் தணிந்துவிடும். ஆட்டத்தின் அசைவிலேயே சமநிலைக்கு வழியுண்டு.

மண்டபத்தில் இவ்வழி அடைபட்டுவிடுகிறது. தோட்டத்து இளைஞர் குழுக்கள் ஒத்திகைக்குக் கூடுமிடம் வாசிகசாலையாகவோ கொழுந்து மடுவமாகவோ இருத்தல் கூடும். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் ஒலியை உறிஞ்சாது திருப்பியனுப்பும் தன்மையன. ஆங்கு தப்புக்காரரை மூலையில் நிறுத்துவது முதற்பிழை. இரு சுவர்கள் கூடுமிடத்தில் தாழ்ந்த சுருதியொலி மேலும் பெருகும். பாடுபவருக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியை வைப்பது இரண்டாவது பிழை. பெட்டியின் ஒலி ஒலிவாங்கியினுள் மீளப் புகுந்து ஊளையிடும். ஊளைக்கு அஞ்சிக் குரலைக் குறைத்தால் பாட்டு அமிழ்கிறது. கூட்டினால் தம் அடி தமக்கே கேளாத தப்புக்காரர் மேலும் ஓங்கி அடிக்கின்றனர். இப்போட்டியில் தோற்பது பாட்டின் சொற்களே.

இதற்குப் பரிகாரம் செலவு மிக்கதன்று. தப்புக்காரரை மூலையிலிருந்தும் சுவரிலிருந்தும் முன்னே கொணர்ந்து, பாடுவோரும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணுமாறு பிறை வடிவில் நிறுத்தல் வேண்டும். ஒலிபெருக்கி ஒலிவாங்கிக்கு முன்னால் அவையோரை நோக்கி அமைதல் வேண்டும். முன்புற ஒலியை ஏற்றுப் பின்புற ஒலியைத் தவிர்க்கும் ஒலிவாங்கியே ஏற்றது. சுவரிலே தொங்கவிடும் கம்பளியும் படங்கும் உச்ச ஒலியின் எதிரொலிப்பைத் தணிக்கும். ஆயின் தாழ்ந்த முழக்கத்தை அவை தடுக்கமாட்டா, அதற்கு இடமாற்றமே வழி. எல்லாவற்றுக்கும் முன்னர், மின்சாரத்தின் துணையின்றி ஒருமுறை ஒத்திகை பார்த்து, பின்னர் குரலை மட்டும் தேவையளவு உயர்த்துதல் தகும்.

எனினும், இது தொழில்நுட்பத்தோடு அமையும் பிரச்சினையன்று. தோட்டங்களில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கவும் தப்பு முழங்கியது. சாவு வீட்டிலும் முழங்கியது. சாதி இழிவு அதன் மீதும் அதனை அடித்தோர் மீதும் படிந்திருந்தது. தப்பின் ஓசை மிகையென்று கூறி அதனை மறைவிடத்துக்குத் தள்ளுவதும், அதற்குப் பதிலாக வேறு வாத்தியத்தைப் புகுத்துவதும், அறிந்தோ அறியாமலோ அப்பழைய ஒதுக்கலையே மேடையில் தொடர்வதாகும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றைத் தயாரித்தபொழுது, மட்டக்களப்பின் வட்டக்களரிக் கூத்து படச்சட்ட மேடைக்குரிய வடிவம் பெற்றது. களம் மாறும்பொழுது ஆட்டமும் நேரமும் மாறவேண்டியுள்ளமையை அம்முயற்சி உணர்த்திற்று. மலையகக் கூத்தை மேடையேற்றுவோர் அதனோடு செவியின் கணக்கையும் சேர்த்தல் அவசியம். வாத்தியம் எங்கே நிற்கின்றது என்னும் வினா, அதனை அடிப்பவர் எங்கே நிறுத்தப்படுகின்றார் என்னும் வினாவுமாகும். தப்பு அடங்கினாற்றான் பாட்டுக் கேட்கும் என்பது உண்மையன்று. தப்பு தனக்குரிய இடத்தில் நின்றால் இரண்டுமே கேட்கும்.