படியும் பதிப்பும்: பல்லுயிர் மரபு நூலகம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஓலையேட்டைப் பெயர்த்தெழுதுதல் வேறு. அதனைப் பதிப்பித்தல் வேறு. படியெடுப்போன் கண்ட எழுத்தைத் தருகின்றான். பதிப்பாசிரியனோ அவ்வெழுத்தின் பாடத்திற்கும் பொருளுக்கும் பொறுப்பேற்கின்றான். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்ட நாள்முதல் இவ்வேறுபாட்டைத் தமிழாய்வுலகம் நன்கு அறியும். இதனையே அளவுகோலாகக் கொண்டு, தமிழுக்குத் தொலைவில் நிற்பதுபோல் தோன்றும் அறிவியல் நூலக முயற்சியொன்றை ஈண்டு மதிப்பிட முற்படுகின்றோம்.

உயிரியல் பழைய நூல்களைப் பெரிதும் சார்ந்து நிற்கும் துறையாகும். ஓர் இனத்திற்கு முறைப்படி முதற்கண் வெளியிடப்பெற்ற பெயரே பொதுவாக முந்துரிமை பெறும். அம்முந்துரிமைக்குத் தொடக்க எல்லையாகப் பெரும்பாலான தாவரங்களுக்கு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளான்டாரும்’ என்னும் நூல் அமைந்துள்ளது. ஆகவே, இன்று ஒரு செடியை ஆராய்வோன் இருநூற்றாண்டுக்கு முந்திய ஏட்டையும் புரட்டியாக வேண்டும். அவ்வேடுகளோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள சில நூலகங்களில் பெரும்பாலும் தங்கிவிட்டன. செடி நம் மலையில் இருக்கும். அதனைப் பற்றிய நூல் இலண்டனில் இருக்கும்.

இக்குறையை நீக்கப் பத்து நிறுவனங்கள் ஒன்றுகூடி 2006-இல் தோற்றுவித்ததே ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ என வழங்கும் பல்லுயிர் மரபு நூலகம். ஸ்மித்சோனியன் நூலகங்கள், இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கியூ தாவரத் தோட்டம், மிசௌரித் தாவரத் தோட்டம் முதலியன அவற்றுள் சில. இன்று ஆறு கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள் மின்வடிவில் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு நூலகத்தில் இல்லாத தொகுதியை மற்றொன்று தந்து நிரப்புகின்றது. ஒன்று படியெடுத்ததைப் பிறிதொன்று மீண்டும் எடுத்து உழைப்பை வீணாக்குவதில்லை. பல மடங்களின் சுவடிகளை ஓரிடத்தில் தொகுத்தாற் போன்ற அருஞ்செயல் இஃது என்பதில் ஐயமில்லை.

இனி, இத்தொகுப்பு படி என்னும் நிலையைக் கடந்து பதிப்பு என்னும் நிலையை எய்தியதா என்று காண்போம். நூலின் பக்கத்தைப் படம்பிடித்தபின் எந்திரம் அதிலுள்ள எழுத்தைப் படிக்கின்றது. படித்த எழுத்தினின்று இலத்தீன் இருபெயர்களை மற்றோர் எந்திரமுறை தேடியெடுத்து அடைவாக்குகின்றது. லின்னேயஸுக்குப் பிற்பட்ட நூல்களுக்கு இம்முறை பெரும்பயன் தருகின்றது. அவர்க்கு முற்பட்ட நூல்களில் இருபெயர் முறை நிலைபெறவில்லையாதலின், அங்கே இதன் பயன் மிகச் சுருங்குகின்றது.

இந்நூலகத்தில் இடம்பெற்றுள்ள ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ இதற்குச் சிறந்த சான்று. டச்சு ஆட்சியாளர் வான் ரீடு தொகுத்த இப்பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. நூலின் உரை இலத்தீன். செடிகளின் தலைப்புப் பெயர்களோ இட்டி அச்சுதன் போன்ற மலையாள நாட்டு மருத்துவர் வழங்கியவை. செடிப்படங்களில் இப்பெயர்கள் உரோம எழுத்தோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டுள்ளன. எந்திரம் படிக்க முயல்வது உரோம எழுத்தை மட்டுமே; ஏனைய மூன்றும் அதற்கு வெறும் கோடுகள்.

உரோம எழுத்தும் நேரியதன்று. நம் சகர ஒலியைக் குறிக்க டி, எஸ், ஜே என்னும் மூன்றெழுத்துக்களை டச்சு வழக்குப்படி அடுக்கியுள்ளனர். செவ்வரளியைக் குறிக்கும் ‘சுவன்ன அரளி’ இவ்வுருவிலேயே நூலுள் நிற்கின்றது. இன்றைய ஆங்கில எழுத்துமுறையில் தேடுவோர்க்கு அது தட்டுப்படாது. இங்குப் பிழை அச்சிட்டோருடையதன்று. ஒலியறிந்து உருவை மீட்கும் அடைவு இல்லாமையே குறை.

மற்றொரு சான்று பனை. முதல் தொகுதியில் ‘கரிம்பனா’, ‘அம்பனா’ என இரு தலைப்புக்கள் அடுத்தடுத்து வருகின்றன. எந்திரத்திற்கு இவை இரு வேறு சொற்கள். முன்னது கரும்பனை என்பது வெளிப்படை. பின்னதை ஆண்பனை எனக் கொள்ளுதல் பொருந்தும் என்பது எம் கருத்து. ஆண்பிள்ளை என்பது பேச்சில் ஆம்பிள்ளை என ஆதல்போல, பகரத்தின்முன் ணகரம் மகரமாய்த் திரிந்துள்ளது. லின்னேயஸும் இவ்விரண்டையும் ஒரே பனையினத்தின்கீழ்ச் சுட்டியுள்ளமை இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. ஒரு பெயரைப் படித்தற்கு மொழியறிவும் மரத்தின் அறிவும் ஒருங்கே வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இலத்தீன் பெயர் இருக்க நாட்டுப் பெயர் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். இலத்தீன் பெயரும் மாறுவதே. மிக்கேலியா என வழங்கிய சண்பகம் இன்று மக்னோலியாவுள் அடங்கிவிட்டது. சண்பகம் என்னும் பெயரோ மாறவில்லை. இதனால் நாட்டுப் பெயரே முற்றும் உறுதியானது என்று யாம் கூறவில்லை. ஒரு பெயர் பல செடிகளைக் குறித்தலும், ஒரு செடி பல பெயர் பெறுதலும் நம் நாட்டில் இயல்பு. அதனாலேதான் பெயரையும் படத்தையும் ஒருங்கு வைத்துக் காட்டும் இத்தகைய நூல்களுக்குத் தனிமதிப்பு உண்டாகின்றது. குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களை இனங்காண முயல்வோர், நிகண்டுகளோடு நில்லாது, முந்நூறாண்டுக்கு முன் நேரிற் கண்டு வரைந்த இப்படங்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

கா. சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டு இத்துறையில் வழிகாட்டியுள்ளது. அவ்வழியிற் சென்று, படத்திலுள்ள மலையாள எழுத்து, உரோம உரு, ஒத்த தமிழ்ச் சொல், இன்றைய இலத்தீன் பெயர் ஆகிய நான்கையும் நிரல்படுத்திய அடைவொன்றைத் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் கூடிச் செய்தல் வேண்டும். ஐயத்திற்குரிய பெயர்களை ஐயமெனவே குறித்துவைத்தல் அவ்வடைவின் முதற்கடமை. நூலகங்கள் தம்முட் கூடிப் படியெடுத்தன. அப்படியினின்று பதிப்பை ஆக்கும் கூட்டுறவு மொழியறிந்தார் சேராமல் நிறைவுறாது என்பதே எம் துணிபு.