நகரும் உறுப்பு இல்லை, செலவும் இல்லையா?

பாய்ம அலைவியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே புகழுரையுடன்தான் தொடங்குகின்றனர். இக்கருவியில் நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை; ஆகவே தேய்மானம் இல்லை என்பது அந்தப் புகழுரை. அது உண்மையே. ஆனால் தேனிப் பக்கத்து மாணவர்களிடம் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்படியானால் நம் காற்றாலை இறக்கைகளில் இதைப் பதித்தால் என்ன?" ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கக்கூடிய நல்ல கேள்விதான் இது. புகழுரைகள் இதற்கு விடை தருவதில்லை.

முதலில் கருவியைப் பார்ப்போம். தட்டையான ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு குறுகிய தொண்டை. அதை அடுத்து விரிந்த அறை. அறையின் இருபுறமும் இரண்டு பக்கவழிகள். தொண்டையிலிருந்து பாயும் தாரை தன்னைச் சுற்றியுள்ள பாய்மத்தையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் சுவர் நெருங்கியிருந்தால் அங்கே இழுக்கப்பட்டதை ஈடு செய்யப் பாய்மம் வந்து சேர இயலாது, அழுத்தம் குறையும், தாரை அச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ருமேனியப் பொறியாளர் கோவாண்டாவின் பெயரால் வழங்கும் விளைவு இதுவே. ஒட்டிய தாரையின் ஒரு பகுதி பக்கவழியாகத் திரும்பி வந்து தாரையின் அடியைத் தள்ளும். தாரை மறு சுவருக்குத் தாவும். அங்கும் அதே கதை. இவ்வாறு வெளிவாயிலில் தாரை இடமும் வலமும் வீசிக்கொண்டே இருக்கும்.

இங்கு ஒன்றைக் கண்டித்தாக வேண்டும். கோவாண்டா விளைவைக் காட்டக் குழாய் நீரில் கரண்டியின் முதுகைப் பிடிக்கும் சோதனை பல நூல்களில் வருகிறது. காற்றினூடே விழும் நீரில் பரப்பு இழுவிசைக்கும் நீர் உலோகத்தில் ஒட்டுவதற்கும் பெரும் பங்கு உண்டு. அலைவிக்குள் நிகழ்வதோ காற்றுக்குள் காற்று, அல்லது நீருக்குள் நீர். ஒரு புட்டிக்குப் பின்னால் மெழுகுவத்தியை ஏற்றி, முன்னாலிருந்து ஊதி அணைத்துப் பாருங்கள். அதுவே பொருத்தமான சோதனை.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையின் டைமண்ட் ஆய்வகத்தில் பௌல்ஸ், ஹார்ட்டன், வாரன் ஆகியோர் இத்தகைய தாரைகளைக் கொண்டே கட்டுப்பாட்டுக் கருவிகளை அமைத்துக் காட்டினர். மின்னணுச் சுற்றுகள் மலிவானதும் அந்த ஆர்வம் தணிந்தது. அலைவி மட்டும் மோட்டார் காரின் முன்கண்ணாடியில் நீர் தெளிக்கும் முனையாகப் பிழைத்துக்கொண்டது. பின்னர் விமானத்துறை அதைத் தூசு தட்டி எடுத்தது. 2013-இல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக் காற்றுச் சுரங்கத்தில் போயிங் 757 விமானத்தின் முழு அளவுச் செங்குத்து வால் சோதிக்கப்பட்டது. சுக்கானுக்கு முன்னால் வீசிய தாரைகளால் பக்க விசை 20 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. 2015-இல் 31 அலைவிகளுடன் அத்தகைய வால் பறந்தும் காட்டியது.

இந்த வெற்றியை அப்படியே நம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவர முடியுமா? விமானத்தின் வாலில் ஏற்கெனவே ஒரு துணை எந்திரம் இருக்கிறது; அலைவிகளுக்கு அதுவே காற்றுத் தந்தது. மேலும், புறப்படும்போது ஒரு எந்திரம் நின்றுபோனால் ஏற்படும் ஆபத்துக்காகவே அவ்வளவு பெரிய வால் வைக்கப்படுகிறது. கூடுதல் விசை சில நிமிடங்களுக்குக் கிடைத்தால் போதும். காற்றாலையின் நிலை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைத் தாண்டிக் கம்பம் கணவாய் வழியாகக் கொந்தளித்து இறங்குகிறது. காற்று திடீரென வலுக்கும்போது இறக்கையின் முதுகில் ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்கு விசை குறையும். அலைவி பதித்தால் அது மாதக்கணக்கில் இதைச் சமாளிக்க வேண்டும். (1990-களில் தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட சிறு காற்றாலைகள் பலவற்றில், மிகைக் காற்றில் திறனை அடக்குவதற்கு இந்தப் பிரிவையே நம்பியிருந்தார்கள். அங்கே அலைவி உதவிக்குப் பதில் உபத்திரவம்தான் செய்யும்.)

இனி ஒரு சிறு கணக்கு. இறக்கையின் நடுப்பகுதியில் காற்றின் சார்பு வேகம் விநாடிக்கு 50 மீட்டர், பிரிந்த பகுதியின் நீளம் 1 மீட்டர் என்போம். அதைத் தட்டியெழுப்பப் பொருத்தமான அதிர்வெண் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். தொண்டை 5 மி.மீ. உள்ள அலைவியோ விநாடிக்குச் சில நூறு முறை வீசும். 300 என்று கொண்டால், அதே தாரை வேகத்தில் 50-க்கு இறக்க எல்லா அளவுகளையும் 6 மடங்காக்க வேண்டும். காற்றுச் செலவு 36 மடங்காகும். தாரையின் வேகத்தைக் குறைத்தாலோ தாரைக்கு வலு இராது. நகரும் உறுப்பு இல்லாத கருவியில் அதிர்வெண்ணும் பாய்வும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றைத் தனியே திருப்பக் குமிழ் கிடையாது. எந்தக் குணத்துக்காகப் புகழ்கிறோமோ அதுவே வடிவமைப்பவரின் கையைக் கட்டுகிறது.

அதிர்வெண் பொருந்த வேண்டியதில்லை, தாரை பக்கவாட்டில் வீசுவதே போதும் என்று சிலர் சொல்வர். அதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. ஆனால் அப்போது வேலை செய்வது தாரையின் உந்தம். உந்தத்துக்குக் காற்று வேண்டும். 5 மி.மீ. சதுரத் தொண்டையில் விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாயும் தாரையின் திறன் 15 வாட். வேகம் 200 ஆனால் 120 வாட். இறக்கைக்கு 100 வீதம் 300 அலைவிகளுக்கு 36 கிலோவாட். வழியில் பாதி வீணானால் 72. இது 2 மெகாவாட் எந்திரத்துக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காற்றாலை எப்போதும் முழுத் திறனில் ஓடுவதில்லை; 500 கிலோவாட் தரும் வேளையில் அது 14 விழுக்காடு! அதற்கு மேல் ஈட்டித் தந்தால்தான் அலைவிக்கு அங்கே இடம்.

இறக்கை உள்ளீடற்றதுதானே, சுழற்சியே காற்றை நுனிக்குத் தள்ளாதா என்று கேட்கும் மாணவரைப் பாராட்ட வேண்டும். தள்ளும். ஆனால் நுனி வேகம் விநாடிக்கு 70 மீட்டர் எனில், நுனிக்குப் போகும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றுக்கும் 4900 ஜூல் ஆற்றல் சுழலியிலிருந்தே பறிக்கப்படுகிறது. அதில் பாதிதான் அழுத்தமாகத் திரும்பிக் கிடைக்கும்.

ஆகவே இத்தகைய ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது, விசை எவ்வளவு கூடியது என்பதோடு நின்றுவிடாதீர்கள். காற்று எங்கிருந்து வந்தது, என்ன அழுத்தத்தில், விநாடிக்கு எத்தனை கிராம் என்றும் தேடுங்கள்.

நம் பள்ளத்தாக்கில் அலைவிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் தெளிப்பு நீர்ப்பாசனத்துக்கு மோட்டார் எப்படியும் ஓடுகிறது; வெளியே வீச வேண்டிய பொருளும் நீரேதான். தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானில் வில்லும் கையும் தேயும். அவற்றுக்குப் பதிலாகக் கோவாண்டா விளைவால் இயங்கும் தெளிப்பான்களைச் சீனாவின் ஜியாங்சு பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர். உப்பு நீர்க் கிணறுகளில் அத்தகைய குறுகிய துளைகள் எத்தனை நாளில் அடைபடும், அடைபடத் தொடங்கினால் நீர் விழும் வட்டம் எவ்வளவு சுருங்கும் என்பதை ஓர் அழுத்தமானியும் சில டப்பாக்களும் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவரே ஒரு கோடையில் அளந்துவிடலாம்.