அடைப்புக்குறிக்குள் ஓர் ஆபீஸ்

சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கம் ஒரு மாடி அறை. நாலு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், வீட்டு பிளான் போடும் நாலு பேர். அதில் சீனியர் கீபோர்டில் இரண்டே எழுத்து தட்டினார். நிலை, கதவு, அது திறக்கும் வளைவு எல்லாம் ஒரு நொடியில் வந்து சுவரில் உட்கார்ந்தது. 'ஆட்டோகேட்லயே இது இருக்கா?' என்றேன். 'இல்ல சார், நம்ம லிஸ்ப்' என்றார், வீட்டு ரசப்பொடியைச் சொல்வது போல.

லிஸ்ப், 1958-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய மொழி. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காரர்களின் பழைய செல்லப்பிள்ளை. அதன் சின்னஞ்சிறு வாரிசான ஆட்டோலிஸ்ப் 1986-ல் ஆட்டோகேடுக்குள் குடிவந்தது. பேராசிரியர்கள் மெச்சும் மொழியை ஐ.டி.ஐ. படித்த டிராஃப்ட்ஸ்மேன்கள் டீ குடித்துக்கொண்டே எழுதுகிறார்கள். இதை யாரும் ஒரு சாதனையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பார்க்க விசித்திரம். ஒன்றையும் இரண்டையும் கூட்ட, கூட்டல் குறி முதலில், எண்கள் பிறகு, சுற்றிலும் அடைப்புக்குறி. வினையைக் கடைசியில் வைக்கும் தமிழ் வாய்க்கு இது தலைகீழ். திறந்த குறி அத்தனையும் மூடியாக வேண்டும். டேலி ஆகாவிட்டால் நகராது. (பி.காம்.காரனுக்குப் பிடித்த அம்சம்.) புதுக் கட்டளை எழுத 'டிஃபன்' என்று ஆரம்பிக்க வேண்டும். காலை எட்டு மணி சைதாப்பேட்டையில் அதற்கு வேறு அர்த்தம்.

சில மரியாதைகளும் உண்டு. கடைசி வரியில் 'பிரின்ஸ்' என்று சும்மா ஓர் அடைப்புக்குறி போடுவார்கள். போடாவிட்டால், வேலை முடிந்ததும் பல சமயம் திரையின் அடியில் 'நில்' என்று ஓர் அசட்டு வார்த்தை விழும். சத்தமில்லாமல் வெளியேறுவதுதான் நாகரிகம்.

என் புகார் வேறு இடத்தில். கதவு நிரலை ஜூனியர் பையன் வரி வரியாக விளக்கினான். முதலில் ஓஸ்நாப்பை, அதாவது கோட்டு முனையைத் தானாகப் பிடிக்கும் வசதியை, அணைக்கிறது. கதவு போட்டதும் திரும்பப் போடுகிறது. சரி, நடுவில் எஸ்கேப் அடித்தால்? திரும்பப் போடும் வரிக்கு வந்தே சேராது. அடுத்து வரையும் சுவர் மூலையில் முட்டினாற்போலத் தெரியும், முட்டியிருக்காது. ஏரியா கணக்கு எடுக்கும்போது எல்லை மூடாமல் உதைக்கும். இதற்காகவே 'எர்ரர்' என்றொரு பகுதி எழுதி, பழைய நிலையைத் திருப்பி வைப்பார்கள், தெரிந்தவர்கள். இவர் வைக்கவில்லை. தற்காலிக மாறிகளைச் சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதவும் இல்லை. அப்படி எழுதாத மாறி, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அடுத்த நிரலின் கணக்கைக் கெடுக்கும். ரசப்பொடி மணம்தான், கல் பொறுக்கவில்லை.

இத்தனையும் கிடப்பது 'அகேட்.எல்எஸ்பி' என்ற ஃபைலில். ஆட்டோகேட் துவங்கும்போது தேடி எடுத்துத் தானே வாசித்துக்கொள்ளும். வேலை மாறுகிறவர் பென்டிரைவில் அதையும் கொண்டுபோகிறார். புது ஆபீஸில் முதல் நாளே பழைய கை. அழகான ஏற்பாடு. ஆபத்தும் அங்கேதான். 2012-ல் 'மெட்ரே' என்று ஒரு புழு, அதுவும் ஆட்டோலிஸ்பில் எழுதியது. டிராயிங் இருக்கும் ஃபோல்டரில் துவக்க ஃபைல் வேஷத்தில் தன்னை நகலெடுத்து வைக்கும். ஃபோல்டரை அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்தால், அவர் டிராயிங்கைத் திறந்ததும் அங்கேயும் ஓடும். முக்கியமாகப் பெரு நாட்டிலிருந்து, பல்லாயிரம் வரைபடங்கள் சீன ஈமெயில் முகவரிகளுக்குப் போனதை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. ஆட்டோகேட் 2014 பதிப்பில் ஒரு பூட்டு வந்தது: நம்பகமானவை என்று நாம் குறித்த ஃபோல்டர் தவிர வேறெங்கிருந்து லிஸ்ப் வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

சீனியரிடம் அந்தப் பூட்டைப் பற்றிக் கேட்டேன்.

'அதுவா? சும்மா சும்மா கேள்வி கேக்குது சார். இன்ஸ்டால் பண்ண அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டேன்.'

பையன் தலை நிமிராமல் சொன்னான்: 'அண்ணே, நம்ம எல்எஸ்பியிலயே அதுக்கு ஒரு வரி இருக்கு. நீங்க எழுதினது இல்லன்னு அன்னிக்கே சொன்னீங்க.'