பின்னால் வருபவர் பயந்தவர் அல்ல

ஃபார்முலா இ பந்தயத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் புரியும். பந்தயத்தின் முதல் பாதி முழுக்க ஐந்தாவது, ஆறாவது இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவார். வளைவுக்கு வெகு முன்பே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். யாராவது தாண்டிப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். இது பந்தயமா, ஊர்வலமா என்று நம் ஆட்கள் கொதிக்கிறார்கள். நான் அவர் கட்சி.

முன்னால் போகிறவருக்குக் காற்றைக் கிழிக்கவே மின்சாரம் கரைகிறது. ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு அது மிச்சம். காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி பேட்டரிக்குத் திருப்பி ஊட்டுகிறது. மூன்றாம் தலைமுறைக் கார்களில் பந்தயத்துக்குத் தேவையான மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடு இப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது. பின்சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே கிடையாது. 2014 நவம்பரில் புத்ராஜெயாவில் இந்தப் பந்தயம் நடந்தபோது ஒரு பேட்டரி கடைசிவரை தாங்காது. ஓட்டுநர் பாதியில் இன்னொரு காருக்குத் தாவ வேண்டும். இன்று தாவல் இல்லை. கடைசிச் சுற்றுகளில் யாரிடம் மிச்சம் இருக்கிறதோ அவர் பாய்வார். நம்மவர் அப்போதுதான் பாய்கிறார்.

பாடாங் செராய் கடைத்தெருவில் இப்போது ஓடும் வாதத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். புரோட்டோன் இ.மாஸ் 7 வாங்குவதா, பிஒய்டி அட்டோ 3 வாங்குவதா? எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் காடி வேகம்?" நூறைத் தொட இ.மாஸ் 7 பிரைமுக்கு 6.9 வினாடி, அட்டோ 3க்கு 7.3. கூலிம் சாலையில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அந்த 0.4 வினாடியை எங்கே செலவழிப்பது?

எனக்குப் பிடித்தது பிரைமின் அண்ணன், பிரீமியம். 7.1 வினாடி, தம்பியைவிட மெதுவு. ஆனால் தம்பியின் 345 கிலோமீட்டருக்கு இவர் 410 ஓடுவார். நம் ஆறாவது இடத்துக்காரரின் குணம்.

பெரிய பேட்டரி அட்டோ 3ஐப் பக்கத்தில் நிறுத்தினால் 60.22க்கு 60.48 கிலோவாட் மணி. 410க்கு 420 கிலோமீட்டர். இரண்டிலும் எல்எஃப்பி பேட்டரி, முன்சக்கர மோட்டார். கிட்டத்தட்ட சமன்தான். கோலாலம்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110இல் விரட்டினால் சோதனைக்கூட எண்கள் நிற்காது, எந்தக் கார் என்றாலும் வழியில் ஒருமுறை சார்ஜ் போட்டாக வேண்டும். அங்கேதான் பிரீமியம் முந்துகிறது: 30 விழுக்காட்டிலிருந்து 80க்கு 20 நிமிடம் என்கிறது நிறுவனம். கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது பேட்டரி எண் மளமளவென்று சரியும். ஈப்போ பக்கம் இறங்கும்போது காலை எடுத்தவருக்குக் கொஞ்சம் திரும்பி வரும்.

வீட்டுக் கதை வேறு. இ.மாஸ் 11 கிலோவாட்டில் ஏற்றும், அட்டோ 3 ஏழில் என்று பெருமை பேசுகிறார்கள். நம் தாமான் வீடுகளில் சிங்கிள் ஃபேஸ் இருந்தால் இரண்டுக்கும் ஏழுதான்.

இனி என் கணிப்பு. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் இருந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதிவரை உண்டு. தஞ்சோங் மாலிமில் தயாராகும் இ.மாஸ் இந்த இடைவெளியில் முன்னால் ஓடும். பிஒய்டியும் அதே ஊரில் ஆலை அமைக்கப்போவதாக 2025இல் அறிவித்தது; அது ஓடத் தொடங்கினால் விலைச் சண்டை சூடுபிடிக்கும், லாபம் வாங்குபவருக்கு. இன்னும் சில ஆண்டுகளில் வினாடிக் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்று கேட்டால் என் ஓட்டு பிரீமியத்துக்கே. சோதனை ஓட்டத்தில் அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், காலை எடுத்தால் கார் எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று பாருங்கள், பின்னிருக்கையில் வீட்டுக்காரர்களை உட்கார வைத்தே பாருங்கள். ஷோரூமுக்குப் புறப்படுமுன் வீட்டு மீட்டர் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.