கடலுக்குச் சாதியில்லை, பாடத்துக்கு உண்டு

எங்கள் ஊர்த் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு வருடம் அரையாண்டு லீவுக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி ஓவியத் தாளோடு வந்தாள். சுனாமியின்போது மக்களைக் காத்தவர்களை வரையச் சொல்லிப் பள்ளியில் போட்டியாம். ஹெலிகாப்டர், கயிற்றில் தொங்கும் ராணுவ வீரர், சோற்றுப் பொட்டலம் கொடுக்கிற அதிகாரி எல்லாம் இருந்தார்கள். "ஒங்க தாத்தா எங்கம்மா?" என்று கேட்டேன். அவர் 2004-இல் பிணம் எடுக்க நாகப்பட்டினத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் வரையக் கூடாதுண்ணே. சிரிப்பாங்க."

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சுனாமிக் கதைக்கு ஓர் அச்சு இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலநடுக்கம். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் செத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். 'கடல் சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை' என்று ஒரு வரி. அப்புறம் நாயகர்கள். தாய்லாந்துக் கடற்கரையில், பள்ளியில் படித்த பூகோளத்தை வைத்து ஆபத்தைக் கண்டுகொண்டு கூச்சல் போட்ட பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித். சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்லி, ஊர்ச் சனத்தையே வெளியேற்றிய புதுச்சேரி நல்லவாடு மீனவ இளைஞர்கள். நல்ல கதைகள்தான். நானும் சொல்கிறேன். அறிவு உயிரைக் காக்கும் என்று பிள்ளைகளுக்குப் புரிகிறது.

ஆனால் இந்தக் கதைகள் அலை வருவதோடு முடிந்துவிடுகின்றன. அலை போனதற்குப் பிறகு என்ன நடந்தது? சேற்றிலும் முள்ளுக்காட்டிலும் இடிந்த சுவருக்கடியிலும் கிடந்த உடம்புகளை எடுத்தது யார்? கரையோர மீனவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்து நிலைகுலைந்து கிடந்தார்கள். அந்தத் துக்கத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிணம் என்றதும் அரசுக்கு எந்தச் சாதி ஞாபகத்துக்கு வருமோ அந்தச் சாதிதான் வந்தது. தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் நிவாரணம் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கடல் சாதி பார்க்கவில்லை என்பது பாதி உண்மை. கடல் திரும்பிப் போனதும் சாதி கரையேறிவிட்டது என்பது மீதி. பாடம் முதல் பாதியோடு மணியடித்துவிடுகிறது.

'பச்சைப் பிள்ளைகளிடம் பிணம், சாதி என்றெல்லாம் பேசலாமா?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். நான் கேட்பது: எந்தப் பிள்ளைகள்? சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வயசிலேயே தெரியும். நீங்கள் காக்கிற பச்சை மனசு அவர்களுடையது அல்ல. அழுகலையும் நாற்றத்தையும் வர்ணித்துப் பயமுறுத்த வேண்டாம்தான். அதற்காக ஆளையே மறைப்பதா?

மறைப்பது இதோடு நிற்கவில்லை. டிசம்பர் 26-க்கு முந்தின நாள் 25. அன்றைய கீழத்தஞ்சையில், இதே நாகை வட்டாரத்தில், 1968-இல் அந்த நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டதுதான் குற்றம். மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கடல் கொன்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். 'யார் செய்தது?' என்று பிள்ளை கேட்டால் கடலைக் காட்டலாம். வெண்மணியில் யாரைக் காட்டுவது? அதனால்தான் ஒரு நாளுக்குப் பாடம் உண்டு, அடுத்தாற்போல் இருக்கிற நாளுக்கு இல்லை.

இனி என் தப்பையும் சொல்ல வேண்டும். போட்டிப் பாடமாக நானே ஒன்று எழுதினேன். 'துப்புரவு வீரர்கள்' என்று தலைப்பு. பெருமையாகத்தான் இருந்தது. அந்தத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வீரம்னு எழுதாத தம்பி. வரலைன்னா வேல போயிரும்னாங்க, ஏறிட்டோம். கைக்கு ஒற கூடக் குடுக்கல. ரெண்டு நாளு சோறு எறங்கல." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஒரு கொழந்த. லாரில ஏத்துறதுக்கு முன்னாடி என் துண்ட எடுத்துப் போத்திவிட்டேன். அத மட்டும் யாரும் சொல்லிச் செய்யல."

நான் எழுதியது எவ்வளவு மோசமான பிரதி என்று அப்போதுதான் உறைத்தது. கட்டாயத்தை வீரம் என்று சொல்வது அதிகாரத்தின் மொழி. 2020-இல் கொரோனாக் காலத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள். மாலை வாங்கிய பலர் மறுநாளும் ஒப்பந்தக் கூலிகள்தான். தியாகி என்று சொல்லிவிட்டால் கையுறை கேட்க முடியாது, கூலி உயர்வு கேட்க முடியாது. சாதித் தொழிலுக்கே புனிதப் பட்டம் கட்டியதாக ஆகிவிடும். லாரியில் ஏற்றியது அநியாயம். துண்டு போர்த்தியது மனிதம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்தால் அதுதான் நம்முடைய பாடம்.

தலைப்பை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். யார் அனுப்பினார்கள், என்ன கொடுக்கவில்லை, தாத்தா என்ன செய்தார். இவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் கேட்டாள்: "துண்டப் பாப்பாவுக்குப் போட்டுட்டா, தாத்தா எதால மொகம் தொடச்சாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவரிடமே போய்க் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். அங்கே என்ன செய்தாய் தாத்தா என்று வீட்டுப் பிள்ளைகள் அவரைக் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.